துடிப்பு கேட்கிறது, அதனால் குழந்தை நலம் என்று சொல்லலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு இப்போது 19-ஆவது வாரம். போன வருடம் ஒரு கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் போய்விட்டது. வலி, ரத்தப்போக்கு எதுவும் இல்லை. வழக்கமான ஸ்கேனுக்குப் போன இடத்தில்தான் துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். அந்த பயத்தில் இந்த முறை வீட்டிலேயே குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியை ஆன்லைனில் வாங்கினேன். முதலில் வாரத்துக்கு ஒருமுறை கேட்டேன். இப்போது தினமும் மூன்று நான்கு தடவை ஆகிவிட்டது, சில நாள் அரை மணி நேரம்கூட வைத்திருக்கிறேன். திரையில் சில சமயம் 150 காட்டும், சில சமயம் 80, 90. போன வாரம் ஒரு இரவு எவ்வளவு தேடியும் துடிப்பு கிடைக்கவில்லை. அழுதுகொண்டே அவசரப் பிரிவுக்கு ஓடினோம். குழந்தை நன்றாக இருந்தது. அங்கிருந்த டாக்டர், ‘முதலில் இந்தக் கருவியைத் தூக்கிப் போடுங்கள்’ என்று கடிந்துகொண்டார். என் கணவரோ, ‘உனக்கு நிம்மதி கிடைத்தால் வைத்துக்கொள்’ என்கிறார். இதனால் குழந்தைக்குக் கெடுதல் உண்டா? எத்தனை நிமிடம் வரை கேட்கலாம்? எந்த எண் வந்தால் சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இதுவரை நீங்கள் கேட்டதால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற கவலையை முதலில் விடுங்கள். இப்படிக் கருவி வைத்துக் கேட்டதால் ஒரு குழந்தைக்குக் குறை வந்தது என்று நிரூபணம் எதுவும் இல்லை. அதற்காக, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றும் யாரும் உத்தரவாதம் தரவில்லை. அல்ட்ராசவுண்ட் உடலுக்குள் போகும்போது திசுக்களைச் சிறிது சூடாக்கும். சில நிலைகளில் நுண்ணிய குமிழ்களை உண்டாக்கவும் கூடும். அதனால்தான் நாங்கள் ஸ்கேன் செய்யும்போதுகூட, தேவையான தகவல் கிடைக்கிற அளவுக்கு, கிடைக்கிற நேரத்துக்கு மட்டும் என்ற விதியோடு செய்கிறோம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் இந்தக் கருவிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இவை பயிற்சி பெற்றவர்கள் கையில் இருக்க வேண்டியவை, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதற்கானவை அல்ல என்பது அதன் நிலைப்பாடு. ஒரு குழந்தையை எத்தனை தடவை, எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்பதற்கு வீட்டில் கட்டுப்பாடே இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. உங்கள் அரை மணி நேரம் அந்தக் கவலைக்குள் வருகிறது. ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்தக் கருவியின் முக்கியமான சிக்கல் சூடு அல்ல.

கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் மீதி தானாகவே புரியும். இரண்டு மூன்று மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி அலையை அது வயிற்றுக்குள் அனுப்புகிறது. நம் காது கேட்கும் உச்ச எல்லை 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே அந்த அலை நமக்குக் கேட்காது. உள்ளே அசைகிற ஏதாவது ஒன்றில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறுகிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் விளக்கியது இந்த மாற்றத்தைத்தான். அந்த வித்தியாசத்தைக் கருவி நம் காதுக்கு எட்டும் சத்தமாக்கித் தருகிறது. குதிரை ஓடுவது போல ‘டக் டக்’ என்று நீங்கள் கேட்பது குழந்தையின் இதய ஒலியே அல்ல, ஏதோ ஒன்று அசைவதற்குக் கருவி கொடுக்கும் குரல். அங்கே அசைவது இதயம் மட்டும்தானா? தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடியில் ஓடுகிறது. உங்கள் கருப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்களிலும், முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியிலும் ஓடுகிறது. போதாததற்குக் குடலும் அசைந்துகொண்டிருக்கிறது. கருவிக்கு எல்லாம் ஒன்றுதான்.

உங்கள் 80, 90-க்கு விடை இங்கேதான் இருக்கிறது. அது அநேகமாக உங்கள் நாடித்துடிப்பு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடிவயிற்றின் இரு பக்கமும் இருப்பதால், கருவியைக் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்தாலே ‘வூஷ், வூஷ்’ என்று அவை கேட்கும். மருத்துவமனையில் நாங்கள் டாப்ளர் வைக்கும்போது மறு கையால் தாயின் மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். கேட்பது தாயுடையதா, குழந்தையுடையதா என்று பிரித்துக்கொள்ளத்தான் அது. எண்ணை மட்டும் பார்த்துப் பிரிப்பதும் எப்போதும் முடியாது. பயந்த மனநிலையில், அழுதுகொண்டிருக்கும்போது, காய்ச்சலில் தாயின் நாடி 110, 120-க்குப் போகும். குழந்தையின் இயல்பான துடிப்பு 110-இல் தொடங்குகிறது! இது போதாதென்று, இந்தக் கருவிகள் கணக்கிடும் முறையிலேயே ஒரு கோளாறு உண்டு. 150-ஐச் சில சமயம் பாதியாக எண்ணி 75 என்று காட்டும், 75-ஐ இரட்டையாக எண்ணி 150 என்றும் காட்டும். அந்த இரண்டாவது பிழையை நினைத்தால்தான் எனக்குக் கவலை. தாயின் நாடி, குழந்தையின் துடிப்பு என்ற பெயரில் திரையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

எந்த எண் சரி என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஒன்பது, பத்து வாரத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 170-ஐ ஒட்டி இருக்கும். பிறகு மெல்லக் குறைந்து, கர்ப்பத்தின் பிற்பாதியில் 110 முதல் 160 வரை இயல்பு. இந்த எல்லைக்குள் அது ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் இயல்பு. குழந்தை அசைந்தால் ஏறும், தூங்கினால் இறங்கும். (துடிப்பு அதிகமாக இருந்தால் பெண், குறைவாக இருந்தால் ஆண் என்ற பேச்சை யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஆராய்ந்து பார்த்ததில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.)

சரி, அந்த இரவில் ஏன் கிடைக்கவில்லை? 19 வாரத்தில் குழந்தை உங்கள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் இதயம் அதைவிட எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். பனிக்குட நீரில் அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும், கவிழும். உங்களுக்கு முதுகைக் காட்டினால் துடிப்பு தெளிவாகக் கேட்கும், வயிற்றுப் பக்கத்தைக் காட்டிச் சுருண்டிருந்தால் மங்கும். கருவியின் அலை மெல்லிய கற்றையாகத்தான் போகிறது, ஒரு விரல் அகலம் தள்ளினாலே குறி தப்பிவிடும். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் ஒட்டியிருந்தால், கருவிக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு கனத்த மெத்தை இருக்கிறது என்று பொருள். அப்போது பயிற்சி பெற்ற நர்ஸுக்கே சில நிமிடம் தேட வேண்டியிருக்கும். துடிப்பு பிடிபடாமல் போவது வீட்டில் நடக்கும் மிகச் சாதாரணமான விஷயம். குழந்தையின் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உங்களைக் கடிந்துகொண்ட டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொன்ன விஷயம் சரிதான், சொன்ன விதம் சரியில்லை. ‘இனி இப்படி வந்தால் திட்டுவார்கள்’ என்று நினைத்து அடுத்த முறை நீங்கள் தயங்கிவிடக் கூடாது. நீங்கள் அன்று ஓடியது தவறே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். கருவி துடிப்பைக் கண்டுபிடிக்காமல் உங்களைப் பயமுறுத்துவதைவிட, கண்டுபிடித்து உங்களை வீட்டிலேயே உட்கார வைப்பது பெரிய ஆபத்து. 19 வாரத்தில் இது புரியாது, 30 வாரத்துக்கு மேல் புரியும். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்பதைத் தெருவிலிருந்து பார்த்து, உள்ளே இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவு செய்ய முடியாது அல்லவா? அந்த நொடியில் இதயம் துடிக்கிறது என்பதைத் தவிரக் கருவியால் வேறு எதையும் சொல்ல முடியாது.

காரணம், குழந்தை கஷ்டப்படும்போது கடைசியாகக் கைவிடும் உறுப்புகளில் ஒன்று இதயம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை, ஆக்சிஜன் போதவில்லை என்றால் குழந்தை முதலில் தன் செலவைக் குறைக்கும். கை கால் அசைப்பது செலவு. அதனால் அசைவு குறையும். உடல் இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். இவ்வளவும் நடக்கும்போது வீட்டுக் கருவியில் 140 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கலாம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2009-இல் மருத்துவர்கள் ஒரு பெண்ணின் அனுபவத்தை எழுதினார்கள். கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்த அவர் அசைவு குறைந்ததைத் தானே கவனித்திருக்கிறார். ஆனால் வீட்டில் கருவி வைத்துக் கேட்டுத் துடிப்பு இருக்கிறது என்று சமாதானமாகிவிட்டார். பிறகு மருத்துவமனைக்கு வந்தபோது துடிப்பு இல்லை. குழந்தை இறந்தே பிறந்தது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்தத் தாய் கவனக்குறைவானவர் இல்லை. சரியான அறிகுறியை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதைவிட நம்பகமானது என்று நினைத்த ஒரு பொருள் கையில் இருந்ததுதான் சிக்கல்.

‘மருத்துவமனையிலும் துடிப்பைத்தானே பார்க்கிறார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். அசைவு குறைந்தது என்று வருகிறவர்களுக்கு நாங்கள் எடுப்பது சிடிஜி. குறைந்தது 20 நிமிடமாவது துடிப்பைத் தாளில் கோடாகப் பதிவு செய்கிறோம். நாங்கள் பார்ப்பது அந்தக் கோட்டின் குணத்தை. நொடிக்கு நொடி சிறு ஏற்ற இறக்கம் இருக்கிறதா, குழந்தை அசையும்போது துடிப்பு 15 எண்ணிக்கை கூடி 15 நொடியாவது நிற்கிறதா, திடீரென்று சரிகிறதா, சரிந்தால் எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறது. சராசரி 140 என்றிருக்கும் கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் தட்டையாகப் போனால், நாங்கள் உட்கார்ந்திருக்க மாட்டோம். அதே 140 உங்கள் கருவியில் வந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். சிடிஜி-யோடும் நிற்பதில்லை. தேவைப்பட்டால் ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, தொப்புள்கொடியின் ரத்த ஓட்டம் ஆகியவற்றையும் பார்ப்போம். பெருந்தொற்றுக் காலத்தில் சில நாடுகளில் மருத்துவமனைகளே கர்ப்பிணிகளுக்குக் கருவி கொடுத்து வீட்டிலிருந்து பதிவு செய்யச் சொன்னது உண்டு. ஆனால் அந்தப் பதிவை மறுமுனையில் மருத்துவக் குழு படித்தது. வீட்டில் வாங்கி வைத்த கருவிக்கு மறுமுனை கிடையாது. செல்போனை வயிற்றில் வைத்தால் துடிப்பு கேட்கும் என்று சொல்லும் ஆப்களில் அல்ட்ராசவுண்டே இல்லை, வெறும் மைக்தான் இருக்கிறது. அவற்றைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

அப்படியானால் வீட்டில் எதை நம்புவது? அசைவை. நீங்கள் அதற்கான வாசலில்தான் நிற்கிறீர்கள். பெரும்பாலும் 16 முதல் 24 வாரத்துக்குள் முதல் அசைவு தெரியும். முதல் முறை உணர்கிறவர்களுக்கு 20 வாரம் தாண்டித்தான் தெளிவாகும், நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். ஆரம்பத்தில் வாயுவா, குழந்தையா என்றே குழப்பமாக இருக்கும். ஒருநாள் தெரியும், மறுநாள் தெரியாது. இந்தக் கட்டத்தில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 24 வாரம் ஆகியும் ஒரு அசைவுமே தெரியவில்லை என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

28 வாரத்தை நெருங்கும்போது உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் உருவாகியிருக்கும். சில குழந்தைகள் மாலையில் ஆட்டம் போடும், சில நடு இரவில். இத்தனை உதை வந்தால் போதும் என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் குழந்தையின் வழக்கம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. குழந்தை உள்ளே 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும், ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டித் தூங்குவது அபூர்வம். ‘மாதம் ஏற ஏற இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும்’ என்று உங்களைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் அது தவறு. அசைவின் தன்மை மாறலாம், உதைப்பதற்குப் பதில் புரளலாம். பிரசவ வலி வரும் வரைக்கும் அசைவு குறையக் கூடாது.

குறைந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால் அன்றே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் பேசுங்கள், போங்கள். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இனிப்பு சாப்பிட்டு, குளிர்ந்த தண்ணீர் குடித்துக் குழந்தையை எழுப்பிப் பார்க்கலாம் என்று நேரம் கடத்தாதீர்கள். போய்ப் பார்த்து எல்லாம் நன்றாக இருந்து திரும்பி வந்து, இரண்டு நாள் கழித்து மறுபடி குறைந்தால் மறுபடியும் போங்கள். ‘இப்போதுதானே பார்த்தார்கள்’ என்ற கூச்சம் வேண்டாம். ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலியோடு கண்ணில் மின்னுவது, கடுமையான வயிற்றுவலி ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். இவை எதிலும் வீட்டில் துடிப்பு கேட்டுப் பார்ப்பது என்ற கட்டமே வரக் கூடாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கருவியைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. போன முறை உடல் உங்களுக்கு எந்த முன்னறிவிப்பும் தரவில்லை. ஆகவே இப்போது ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று உடல் சொல்வதை நம்ப முடியவில்லை. இது அதீதக் கற்பனை இல்லை, நடந்ததிலிருந்து வந்த பயம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கேட்டது தினமும் நான்கு தடவை ஆனதைக் கவனித்தீர்களா? கேட்டவுடன் கிடைக்கிற நிம்மதி சற்று நேரம் நிற்கும். பிறகு மனம், ‘அது அப்போது, இப்போது எப்படி?’ என்று கேட்கும். ஒவ்வொரு முறை பதில் கொடுக்கும்போதும் அடுத்த கேள்வி சீக்கிரம் வரும். உங்கள் கணவர் நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் இது நிம்மதி தரும் வழியாக இருந்திருந்தால் தடவை குறைந்திருக்க வேண்டும்.

உங்களுக்கு ஆறுதலாக ஒரு உண்மையான விஷயமும் இருக்கிறது. நீங்கள் 12 வாரத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள், அவசரப் பிரிவில் பார்த்தும் குழந்தை நன்றாக இருந்தது. கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் இருக்கும் கட்டத்தில் அதற்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது. ஒன்பதாவது வாரத்தில் நடந்ததற்கும் நீங்கள் எதையும் கவனிக்காமல் விட்டதற்கும் சம்பந்தமில்லை. அந்த வாரங்களில் நடக்கும் இழப்புகளில் பாதி அளவுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். தினமும் பத்துத் தடவை துடிப்பு கேட்டிருந்தாலும் அது நின்றிருக்காது.

உங்கள் டாக்டரிடம் இந்தக் கடிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள், கருவியைப் பற்றியும். முன்பு இழப்பு நடந்தவர்களுக்குச் சந்திப்புகளின் இடைவெளியைக் குறைத்துத் தர நாங்கள் பெரும்பாலும் சம்மதிப்போம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்பதை இரண்டு வாரமாகக் கேளுங்கள். தேதி குறித்து வைத்த ஒரு சந்திப்பு, நள்ளிரவில் தேடும் துடிப்பைவிட மனதை நன்றாகப் பிடித்து நிறுத்தும். தூக்கம் தொடர்ந்து கெடுகிறது, பகலிலும் இதே நினைவு ஓடுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநல ஆலோசகரிடம் போகத் தயங்காதீர்கள். கர்ப்ப காலப் பதற்றம் மிகவும் பரவலானது. பேச்சு வழி சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும், தேவைப்பட்டால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. இதை இப்போதே கவனிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், கவனிக்காத பதற்றம் பிரசவத்தோடு முடிவதில்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் எழுந்து பார்க்கிற தாயாக அது மாறும்.

கருவியை என்ன செய்வது? என் யோசனை, வேண்டாம் என்பதுதான். ஒரேயடியாக விட முடியாது என்றால், கணவரிடம் கொடுத்து உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை எடுப்பதில்லை என்று இருவரும் பேசி வையுங்கள். முதல் நாலைந்து நாள் கஷ்டமாக இருக்கும், அப்புறம் குறையும். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரே ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள்: உடம்பிலோ அசைவிலோ ஏதாவது சரியில்லை என்று தோன்றும் நேரத்தில் அதைத் தொடவே கூடாது. அப்போது எடுக்க வேண்டியது போன்.

குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் அனாமலி ஸ்கேன் உங்களுக்கு இன்னும் சில நாளில் இருக்கும். அங்கே, ‘நஞ்சுக்கொடி முன்பக்கமா, பின்பக்கமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரவில் துடிப்பு பிடிபடாததற்கும், அசைவு தாமதமாகத் தெரிந்தால் அதற்கும் அநேகமாக அதிலேயே பதில் இருக்கும். வெளியே வரும்போது பிரசவ வார்டின் 24 மணி நேர எண்ணை வாங்கி உங்கள் போனிலும் கணவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.